பூசையில் வைத்த பேச்சுச் சிலேட்டு

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, இரண்டு என் அக்காள் விட்டுப் போனவை. ஆறும் ஆளாகி, இப்போது ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு எனக்குப் புத்தி சொல்கின்றன.

என் படிப்பு லாபிஸ் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். ஆகவே வாசிக்கிறவர்கள் அவசரப்பட வேண்டாம். எழுதுகிற எனக்கே அவசரம் இல்லை.

எழுதச் சொன்னது என் பேத்தியின் பேச்சுப் பயிற்சி டீச்சர். பேத்திக்கு வாய்ப்பேச்சு வராது. அவளைப் போன்ற பிள்ளைகள் வருகிற நிலையம் அது. டீச்சர் சின்னப் பெண், சிரித்த முகம், பேச்சில் மட்டும் ஊசி இருக்கும்.

“புதுசா வர்ற குடும்பங்க ரொம்பப் பயப்படுறாங்க பாட்டி. வீட்ல நீங்க எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன்” என்றார்.

“எப்படிச் செய்யக் கூடாதுன்னு வேணா எழுதவா?” என்றேன், தன்னடக்கமாக.

“அதுதான் பாட்டி ரொம்ப உபயோகம்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

நாங்கள் இருப்பது ஸ்கூடாயில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடு. மகனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மருமகள் விடியுமுன் கிளம்பிப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவாள். விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். வாரத்தில் மூன்று நாள் காலையில் பேத்தி நிலையத்துக்குப் போவாள். மற்றபடி பகல் முழுக்க அவள் என் பொறுப்பு.

நான் சொல்லப்போகிற சமயத்தில் அவளுக்கு ஏழு வயது. காது நன்றாகக் கேட்கும். அடுப்படியில் நான் பிஸ்கட் டின்னைத் திறந்தால் மாடியிலிருந்து இறங்கி வருவாள். சொல்வது எல்லாம் விளங்கும். வாய் மட்டும் சொல்லைக் கொண்டுவராது.

அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. காரணம் என் கர்வம். ஆறு பிள்ளைகளை வளர்த்தவள், முகத்தைப் பார்த்தே பசியா தூக்கமா என்று சொல்லிவிடுவேன் என்று தாமான் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அவள் தண்ணீர் என்று நினைக்குமுன் தண்ணீர் வந்துவிடும். மைலோ என்று நினைக்குமுன் மைலோ ஆறிக்கொண்டிருக்கும். நினைக்காததும் வந்துவிடும். பாவம், அதையும் குடிப்பாள்.

அப்போதுதான் டீச்சர் சொல்லி, மகனும் மருமகளும் அந்தச் சாதனத்தை வாங்கினார்கள். கைப்பிடி வைத்த டேப்லட். திரை நிறையக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். சோற்றுப் படத்தை அமுக்கினால் ‘சோறு’ என்று சத்தமாகச் சொல்லும். வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், வலி, உதவி, போகலாம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. பார்க்க நான் பள்ளிக்குக் கொண்டுபோன சிலேட்டு மாதிரியே இருந்ததால் நான் சிலேட்டு என்றேன். வீட்டில் அந்தப் பெயரே நின்றுவிட்டது.

அதற்குள் தமிழ்க் குரல் ஒன்று முன்பே இருந்தது. ஆனால் வானொலியில் செய்தி வாசிக்கிறவர் குரல் போல இருந்தது. ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று அது சொன்னால் யாருக்காவது தண்ணீர் கொடுக்கத் தோன்றுமா? யாராவது வீட்டுப் பேச்சில் பேசிப் பதிந்தால் நல்லது, அதுவும் சின்னப் பெண்ணின் குரலாக இருந்தால் நல்லது என்றார் டீச்சர்.

“ஏன், என் குரலுக்கு என்னா கொறச்சல்?” என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அத்தனை கட்டத்துக்கும் நானே பேசினேன். நடுவில் இருமியதுகூட ஒரு கட்டத்தில் பதிந்துவிட்டது. ‘வாழைப்பழம்’ என்ற கட்டம் பல மாதம் இருமிவிட்டுத்தான் பழம் கேட்டது.

ஏழு வயதுப் பிள்ளை பட்டனை அமுக்கினால் எழுபது தாண்டிய கிழவி அதட்டுகிறாள். மளிகைக் கடையில் ஒருநாள் அவள் ‘பிஸ்கட்’ என்று அமுக்க, உள்ளே சரக்கு அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரர், “வரேன் பாட்டி, வரேன்! ஏன் லா சத்தம் போடுறீங்க?” என்றார். நான் வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு செய்த நான் அந்தச் சிலேட்டை அவள் கையில் கொடுத்தேனா என்றால், இல்லை. நல்ல பொருளை நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தேன். கடையில் போட்டுக் கொடுத்த ரப்பர் உறை போதாதென்று மேலே பிளாஸ்டிக் சுற்றினேன். அதற்கும் மேலே பழைய சேலையில் ஒரு பை தைத்து முடிச்சுப் போட்டேன். பிறகு ஷோகேசில், எங்கள் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன். அந்தக் கோப்பைகளில் இதுவரை யாரும் தேத்தண்ணி குடித்ததில்லை.

விருந்தாளி வந்தால் எடுப்பேன். “பாட்டிக்கு வணக்கம் சொல்லு! மாமாவுக்குப் பேரு சொல்லு! இது என்னா கலரு, அமுக்கு!” என்பேன். அவள் என் வாயைத் தன் உள்ளங்கையால் மூடுவாள். விருந்தாளிகள் பாசம் என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்கே வந்தார். “டேப்லட் எங்க பாட்டி?”

“பத்திரமா இருக்கு.”

“சாவி?”

“என் இடுப்புல.”

டீச்சர் ஷோகேஸ் பூட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். “பாட்டி, உங்க வாயைக் கழட்டி யாராச்சும் இதுக்குள்ள வச்சுப் பூட்டி, விருந்தாளி வந்தா மட்டும் எடுத்துக் குடுத்தா எப்படி இருக்கும்?”

நான் பதில் சொல்லுமுன் என் மகன் சொன்னான்: “வீடு அமைதியா இருக்கும் டீச்சர்.”

பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை.

டீச்சர் அன்றைக்குச் சொன்னது மூன்று காரியம். சிலேட்டு எப்போதும் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும், அவள் அடம் பிடித்தாலும் தண்டனையாக அதைப் பிடுங்கக் கூடாது. நாம் பேசும்போது நாமும் அதில் அமுக்க வேண்டும். ஒன்றைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக மனசுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

“நான் எதுக்கு அமுக்கணும்? எனக்குத்தான் வாய் இருக்கே” என்றேன்.

“இருக்கு பாட்டி, நல்லாவே இருக்கு. நீங்க தமிழ் பேசாம இருந்திருந்தா உங்க பிள்ளைங்க தமிழ் பேசியிருப்பாங்களா? இவ பேசுற மாதிரி பேசுற ஆளு இந்த வீட்ல ஒருத்தர்கூட இல்ல. யாரைப் பார்த்துக் கத்துக்குவா?”

யாராவது இப்படி மடக்கினால் நான் தேத்தண்ணி கலக்கப் போய்விடுவேன். அன்றைக்கும் போனேன்.

டீச்சர் போனபிறகு மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அத்தை, நான் சண்டைக்கு வரல. தீபாவளி வரைக்கும் பார்ப்போம். அது அவ கையிலயே இருக்கணும். இல்லன்னா நான் அவளை தினமும் முழு நாளும் நிலையத்துலயே விட்டுடறேன். அங்க எல்லாரும் அவகூட அதுல பேசுறாங்க. நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க.”

ரெஸ்ட்! பிள்ளை போய்விட்டால், காலை ஏழிலிருந்து இரவு ஏழுவரை இந்த வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும்தான் இருப்போம். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேனே, உண்மையில் அவள்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே சொல்லவில்லை. “சரி மா, பார்ப்போம்” என்று மட்டும் கெத்தாகச் சொன்னேன்.

மறுநாள் முதல் நானும் அமுக்கினேன். சிலேட்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தது. கண்ணாடி போட்டாலும் அந்தப் படங்கள் எனக்கு ஒன்றுபோல் இருந்தன. ‘பாட்டிக்குத் தேத்தண்ணி வேண்டும்’ என்று சொல்லப் போய், ‘பாட்டி - கழிப்பறை - வேண்டும்’ என்று என் குரலிலேயே அறிவித்தேன். பேத்தி என்னை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு என் விரலைப் பிடித்து, சரியான கட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். எனக்குத் தேத்தண்ணி வந்தது, நானே கலக்கியது.

எண்ணுவதுதான் வரவில்லை. எனக்குப் பத்து எண்ணத் தெரியாதா? தெரியும். ஒன்று, இரண்டு, ஒன்பது, பத்து. அதற்குமேல் பொறுக்காது. “சோறா? ரொட்டியா? சோறுதானே? நான் சொன்னேன்ல!” என்று நானே கேட்டு நானே பதில் சொல்லி நானே ஊட்டிவிடுவேன்.

ஒரு நாள் அப்படித்தான், “யானை எங்க? யானையை அமுக்கு. நேத்து காட்டினேன்ல? யானை, யானை” என்று பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் நிதானமாகக் குனிந்து ஒரு கட்டத்தை அமுக்கினாள்.

“போதும்!” என்றது சிலேட்டு. என் குரல். நான் ஆறு பிள்ளைகளை அடக்கிய அதே குரல்.

எனக்கு வந்த ரோஷத்தில் டீச்சருக்குப் போன் போட்டேன். “டீச்சர், அவ என்னை வாயை மூடச் சொல்றா.”

“அலமாக்! பாட்டி! தானாச் சொன்னாளா? யாரும் கையைப் பிடிக்கலையே?” அந்தப் பக்கம் அப்படி ஒரு சந்தோஷம்.

“தானாத்தான் சொன்னா.”

“நீங்க நிறுத்தினீங்களா?”

“நிறுத்தல. உங்களுக்குப் போன் பண்றேன்.”

“நிறுத்துங்க பாட்டி. அவ சொன்னா நடக்கும்னு அவளுக்குத் தெரியணும். இல்லன்னா எதுக்குச் சொல்லப் போறா?”

நிறுத்தினேன். அன்று மாலைவரை யானையைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்படி ஒருவாறு ஏறி வரும்போதுதான் சரஸ்வதி பூசை வந்தது. இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. கை வலி என்று மகனிடம் சொன்னேன். கை நன்றாகத்தான் இருந்தது.

நம் வழக்கம் தெரியும். புத்தகம், பேனா, தொழில் சாமான் எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கிப் பொட்டு வைப்போம். வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது, மறுநாள் காலை பூசை முடிந்துதான் எடுக்க வேண்டும். மகனின் ஸ்பேனர் பெட்டி, என் கத்தரிக்கோல், பேத்தியின் வண்ணப் புத்தகம் எல்லாம் வைத்தேன். பிறகு சிலேட்டு கண்ணில் பட்டது. பேச்சைக் கொடுக்கிறவளே அந்த அம்மாதான், பேச்சுச் சிலேட்டை வைக்காமல் எதை வைப்பது? நடு இடத்தில் நிறுத்தி, திரை நிறையச் சந்தனம் குழைத்து மூன்று பொட்டு வைத்தேன். மருமகள் அதற்குமுன்பே வேலைக்குப் போய்விட்டாள். மகனுக்கும் அன்று காலை ஷிப்டு. என்னைத் தடுக்க ஆள் இல்லை.

பேத்திக்குப் புதுப் பாவாடை சட்டை. நானே பாசார் கடையில் பார்த்து வாங்கியது, பச்சை. போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் சட்டையை இழுக்க ஆரம்பித்தாள். புதுத்துணி என்றாலே அவளுக்கு ஆகாது, எனக்குத் தெரியாதா? “அழகா இருக்குமா, கழட்டக் கூடாது” என்று பின்னால் இருந்த நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டினேன். அவள் கத்தினாள்.

என்னை இழுத்துக்கொண்டு சாமி மேடைக்குப் போனாள். சுண்டல் கேட்கிறாள் என்று ஊட்டினேன், துப்பினாள். எட்டிச் சிலேட்டைப் பிடித்தாள். “ஐயோ, தொடக் கூடாது, நாளைக்குத்தான்!” என்று அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி மேல்தட்டில் வைத்தேன்.

இந்த வரியை மாற்றி எழுதலாமா என்று பார்த்தேன். மாற்றவில்லை. பிடுங்கினேன்.

அதன்பிறகு அவள் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். முகத்தைப் பார்த்தே சொல்கிற நிபுணி களத்தில் இறங்கினேன். வயிறு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். வெக்கை என்று காற்றாடியை அவள் பக்கம் திருப்பினேன். கண்ணேறு என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். அந்த நெடியில் நானும் சேர்ந்து இருமினேன். தூக்கம் என்று மடியில் போட்டுத் தட்டினேன், அதுவும் முதுகில்தான் தட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அழுகை கூடியது. ஆறு பிள்ளைகளை வளர்த்த அனுபவம் அத்தோடு தீர்ந்துபோனது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை.

மேல்தட்டைப் பார்த்தேன். பூசையில் வைத்ததை எடுப்பதா? என் வயதுக்கு நான் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. சாமி கோபித்தால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும் என்று எடுத்துவிட்டேன். சந்தனத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, அவள் முன்னால் தரையில் வைத்தேன். என்ன வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு எண்ணினேன். அன்றைக்குத்தான் மூன்றும் நான்கும் ஐந்தும் வந்தன.

ஏழில் அவள் அமுக்கினாள். “சட்டை.”

நான் வாயைத் திறக்கவில்லை.

“வலி.”

நாடாவை அவிழ்த்துச் சட்டையைக் கழற்றினேன். கடையில் மடித்துக் குத்தியிருந்த குண்டூசி ஒன்று கழுத்துப்பட்டையில் உள்பக்கமாக அப்படியே இருந்தது. நான் இறுக்கிக் கட்டக் கட்ட அது உள்ளே போயிருக்கிறது. பிடரியில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு. அதற்குக் கீழே, நான் தட்டித் தூங்கவைக்கப் பார்த்த இடத்தில், இரண்டு பொட்டு ரத்தம்.

மருந்து போட்டேன். பழைய பனியனை மாட்டிவிட்டேன். அவள் உடனே அழுகையை நிறுத்திவிட்டுச் சுண்டல் தின்றாள். நான்தான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஒரு காரியம் செய்தேன். குண்டூசியைத் தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன். சிலேட்டை மறுபடி துடைத்துவிட்டு அதில் புதிதாகப் பொட்டு வைத்து, அது அன்று முழுக்க அவளிடமே இருந்ததுபோல் அவள் பக்கத்தில் விட்டேன். தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. மருமகளுக்குத் தெரிந்தால், அவள் பிள்ளையின் பேச்சைப் பிடுங்கி மேலே வைத்தவளிடம் இனி அவளை விடுவாளா? நான் விடமாட்டேன், நானாக இருந்தால்.

விளக்கு வைத்ததும் மருமகள் வந்தாள். “இன்னிக்கு எப்படி இருந்தா அத்தை?”

“ரொம்ப நல்லா இருந்தா மா. சுண்டல்லாம் சாப்பிட்டா” என்றேன். பொய் இல்லை. சுண்டல் சாப்பிட்டாள்.

அப்போது தரையிலிருந்து என் குரல் கேட்டது.

“பாட்டி.”

விரல் அடுத்த கட்டத்தைத் தேடியது.

“சட்டை. வலி.”

மருமகள் என்னைப் பார்த்தாள். “உங்களுக்கா அத்தை வலிக்குது?” நான் வாயைத் திறக்கவே இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. பேத்தி எழுந்து போய் அம்மா முன்னால் திரும்பி நின்று, தலைமுடியை ஒதுக்கிப் பிடரியைக் காட்டினாள். திரும்ப வந்து, சந்தேகமே இருக்கக் கூடாது என்பதுபோல், “பாட்டி” என்று இன்னொரு தடவை அமுக்கினாள்.

எத்தனையோ பேர் என்மேல் கோள் சொல்லியிருக்கிறார்கள். என் குரலிலேயே என்மேல் கோள் சொன்னவள் இவள் ஒருத்திதான்.

குப்பைக்கூடையைக் கிளறிக் குண்டூசியை எடுத்து வந்து மருமகளிடம் கொடுத்தேன். பூசை, மேல்தட்டு, பிடுங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டப் போகிறாள் என்று தலை குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

“அத்தை, காலைல நடந்ததை இப்ப சொல்றா. நான் பக்கத்துல இல்லாதப்ப நடந்ததை எனக்குச் சொல்றா. இவ பொறந்ததிலேருந்து, அன்னிக்கு என்னா நடந்துச்சுன்னு இவ வாயால நான் கேட்டதே இல்ல.”

“என்னைக் காட்டிக் குடுக்கிறா மா.”

“ஆமா அத்தை. என்னமா காட்டிக் குடுக்கிறா!”

பிள்ளையின் பிடரிக்கு அவள் இன்னொரு தடவை மருந்து போட்டாள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கும்போது நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “புள்ளையை நிலையத்துக்கு எப்ப மா மாத்துற?”

மருமகள் எண்ணெயிலிருந்து முறுக்கை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “எதுக்கு அத்தை மாத்தணும்? உங்ககிட்டயே இருக்கட்டும். இனிமேதான் நீங்க எதையும் மறைக்க முடியாதே, அவ சொல்லிடுவாளே. ஆனா அது அவ மேலயே இருக்கணும்.”

நான் ஷோகேசுக்கென்று தைத்த சேலைப் பையைப் பிரித்து, தோளில் மாட்டுகிற வார் வைத்துத் தைத்தேன். அன்றிலிருந்து சிலேட்டு அவள் தோளில்தான் இருக்கிறது. அடுத்த சரஸ்வதி பூசைக்கு, தோளில் தொங்கும்போதே அதன் பின்பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளையின் குரலில் எல்லாக் கட்டத்தையும் மாற்றிப் பதிந்துவிட்டார்கள். கடைக்காரர் இப்போது, “என்னா பாட்டி, தொண்டை சரியாப் போச்சா?” என்கிறார். ‘போதும்’ மட்டும் இன்னும் என் குரல்தான். டீச்சர் அதை மாற்றப் போனபோது பேத்தி ‘வேண்டாம்’ என்று அமுக்கினாளாம். ஏன் என்று கேட்டுப் பத்து எண்ணினோம். பதில் வரவில்லை. சொல்ல வேண்டும் என்று கட்டாயமா?

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதில் அறிவுரை எங்கே என்று டீச்சர் தேடிக்கொள்ளட்டும்.

நோட்டில் நான் எழுதினதை மருமகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டெழுதிச் சிலேட்டுக்குள் போட்டு வந்தாள். பேத்தி அமுக்கினால் அந்தச் செய்தி வாசிக்கிற குரல் முழுக்க வாசிக்குமாம். இந்தக் கடைசிப் பக்கத்தையும் இப்போது போட்டாயிற்று. பேத்தி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், தோளில் பை, கையில் முறுக்கு.

“வா மா, பாட்டி எழுதினதை நீயே வாசிச்சுக் காட்டு. எங்கயாச்சும் பொய் சொல்லியிருந்தா ‘போதும்’னு அமுக்கு, அங்கயே நிறுத்திடலாம். அவசரம் இல்ல. நான் பத்து எண்ணுறேன்.”